மேட்டில் சோலார், கீழே லயம்

மாலை போட்டது என் அண்ணன்தான். என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது, அதனால் நானும் அங்கேயே ஆரம்பிக்கிறேன்.

மலேசியாவில், கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அண்ணன் லோரி ஓட்டுகிறார். அண்ணி அதே தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறார். நான் டவுனில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தோட்டத்துக் கோயிலுக்கு அண்ணன்தான் தலைவர். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படாததால் பல வருடமாக அவரே தலைவர். சட்டையை உள்ளே விட்டு, பளபளவென்று ஷூ போட்டு யார் வந்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். சந்தனம், குங்குமம், மாலை, தோளில் ஒரு பொன்னாடை. தேர்தலுக்கு வந்தவருக்குப் போட்டார். கொசு மருந்து அடிக்க வந்த அதிகாரிக்குப் போட்டார். ஒரு தடவை, ஸ்ட்ராபெரி வாங்க கியா பார்முக்கு வழி கேட்டு உள்ளே வந்த சுற்றுலாக்காரருக்கே போட்டுவிட்டார். அந்த மனிதர் கழுத்தில் மாலையோடு காரை ரிவர்ஸ் எடுத்துப் போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

சோலார் கம்பெனிக்காரர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையோடு மூன்று நான்கு பேர் வந்து கோயில் மண்டபத்தில் இறங்கினார்கள். இப்போதைய துரை நம்மவர்தான், ஆனாலும் அவர் துரைதான். நான் செருப்பைக் கழற்றி உள்ளே போவதற்குள் அண்ணன் முதல் ஆளுக்கு மாலை போட்டு முடித்து, கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். யாரோ படம் எடுத்தார்கள்.

அண்ணனை ஓரமாக இழுத்தேன்.

"யாருன்னு தெரியுமாண்ணே இவங்க?"

"தெரியலலா. தொரைகூட வந்திருக்காங்க. பெரிய ஆளுங்களாத்தான் இருப்பாங்க."

"எதுக்கு வந்திருக்காங்கன்னாச்சும் கேட்டீங்களா?"

"வந்தவங்கள மொதல்ல உக்கார வைக்கணும் பாப்பா. அப்புறந்தான் கேக்கணும்."

எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

உட்கார வைத்தோம். அதன் பிறகுதான் தெரிந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் உள்ள மலைச்சரிவு முழுவதையும் தோட்டம் அந்தக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப் போகிறது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு, மலையைப் படிக்கட்டு போல வெட்டி, சூரிய ஒளிப் பலகைகளை வரிசையாக நடுவார்களாம். திரையில் படம் காட்டினார்கள். படத்தில் வானம் நீலமாக இருந்தது. அப்படி ஒரு வானத்தை எங்கள் ஊரில் வருடத்துக்கு எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று தெரியவில்லை. காலையில் காயப் போட்ட சட்டையைச் சாயங்காலம் எடுத்தால் போட்டபோது இருந்ததைவிட ஈரமாகக் கையில் வரும். பள்ளிச் சீருடையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்து, புகை நாற்றத்தோடு போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே வெயில் அறுவடையா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டதும் மண்டபமே சிரித்தது. குளிரில் பலகைகள் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று கம்பெனிக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆளுக்கொரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்தது.

மின்சாரமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. கரியை எரிப்பதைவிட வெயிலைப் பிடிப்பது நல்லது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான்தான். தோட்டத்துத் தொழிற்சாலைக் கூரை ஒரு பந்துத்திடல் அளவுக்குச் சும்மா கிடக்கிறது. அங்கே வைக்கட்டும். ஆனால் அந்தச் சரிவு வேறு.

அந்தச் சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே பல வருடமாகக் கொழுந்து எடுப்பதில்லை. தேயிலைச் செடிகள் வெட்டுவாரில்லாமல் மரமாக உயர்ந்து நிற்கின்றன. வருமானம் இல்லாத மலை என்று துரை சொல்வார். ஆனால் மண்ணைப் பிடித்துவைத்திருப்பது அந்தக் கிழட்டுச் செடிகளின் வேர்தான். சரிவின் அடிவாரத்தில் ஒற்றை வரிசையாக லயம். அதில் கடைசி வீடு அண்ணனுடையது. பின்வாசலைத் திறந்தால் ஒரு சாக்கடை, சாக்கடையைத் தாண்டினால் மலை. முன்பொரு முறை மேலே லோரிப் பாதை போட ஒரு துண்டு இடத்தைச் சுரண்டினார்கள். அந்த வருடக் கடைசி மழையில் மஞ்சள் சேறு அண்ணியின் அடுப்புக்கால் வரை வந்துவிட்டது. ஒரு துண்டுக்கே அப்படி. பக்கத்து ஊரான லெம்பா பெர்த்தாமில் சேறு புகுந்து வீடுகளை மூடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். அங்கிருந்து வந்த பிள்ளைகள் வானம் இடித்தாலே வகுப்பில் எழுந்து நின்றுவிடுவார்கள்.

அண்ணனுக்கு வேலை முடிய அதிக காலம் இல்லை. அதற்குப் பிறகும் அந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று துரை வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் அண்ணன் தன் கைக்காசைப் போட்டுச் சமையலறையை இழுத்துக் கட்டி, டைல்ஸ் ஒட்டினார். அவருக்கும் அண்ணிக்கும் இந்த நாட்டில் அதைத் தவிர வேறு கூரை கிடையாது. மலை சரிந்தால் முதலில் போவது அந்த வீடு.

எனவே ஆட்சேபம் எழுதிக்கொண்டு திட்ட அனுமதி அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். கணினியைப் பார்த்தாள். அண்டை நிலக்காரர்கள் மட்டுமே ஆட்சேபம் சொல்லலாம் என்றாள்.

"என் அண்ணன் அண்டைதான். மலைக்கும் அவர் அடுப்புக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான் இருக்கிறது" என்றேன்.

"அவர் பெயரில் கிராண்ட் இருக்கிறதா?"

கிராண்ட் என்றால் நிலப்பட்டா. தாத்தா காலத்திலிருந்து அந்த மலையில் கொழுந்து எடுத்த குடும்பத்தில் ஒருவர் பெயரிலும் ஒரு சாண் நிலத்துக்குக் கிராண்ட் இல்லை. வீடு தோட்டத்துடையது, நிலம் தோட்டத்துடையது. ஆகவே சட்டப்படி அந்தச் சரிவுக்கு அண்டை நிலக்காரர் யார் என்றால், அதே தோட்டம். குத்தகைக்கு விடுகிற தோட்டம், தனக்கு ஆட்சேபம் இருக்கிறதா என்று தன்னையே கேட்டு, இல்லை என்று தனக்கே பதில் சொல்லியிருந்தது. அந்தப் பெண் மேல் எரிந்து விழுந்தேன். அவள் என்ன செய்வாள், பாவம். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

அந்த அலுவலகத்தில் ஒரு தமிழ் அதிகாரி இருக்கிறார். சிரம்பான் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். பிள்ளையை அழைத்துப் போக வந்தவரைப் பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். நல்ல மனிதர். காது கொடுத்துக் கேட்டார். ஆட்சேபமாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் பரிசீலனைக் கூட்டத்துக்கு அழைத்து நாலு வார்த்தை பேச வைக்கலாம், அதற்கு முயற்சி செய்கிறேன் என்றார். சொன்னபடியே செய்தார். அதற்காக அவரை இன்றும் நான் குறை சொல்ல மாட்டேன். மற்றதற்குச் சொல்வேன்.

கூட்டம் டவுனில் ஓர் அறையில் நடந்தது. நீள மேசையைச் சுற்றிப் பரிசீலனைக் குழு உறுப்பினர்கள். சுவரோரம் போட்ட நாற்காலிகளில் நாங்கள். அண்ணன் தீபாவளிச் சட்டை போட்டு வந்திருந்தார். அண்ணி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். கம்பெனியின் ஆலோசகர் ஓர் இளைஞர், மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொரு படமாகக் காட்டினார். மண் பரிசோதனை, வடிகால், தண்ணீர், கம்பி வேலி. பிறகு உள்ளூர் மக்கள் கருத்து என்று தலைப்புப் போட்டு ஒரே ஒரு புகைப்படம் காட்டினார்.

அதில் என் அண்ணன். கைகூப்பி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அவர் முன்னால் மாலையோடு கம்பெனிக்காரர். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு அண்ணி. பின்னால் கலங்கலாக, முறைத்துக்கொண்டு நான்.

"உள்ளூர்ச் சமூகம் இந்தத் திட்டத்தை அவர்களுடைய பாரம்பரிய முறைப்படி வரவேற்றிருக்கிறது" என்றார் இளைஞர். என் முறைப்பையும் சேர்த்து ஆதரவில் வைத்துவிட்டார்கள்.

பேச அழைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அந்த அதிகாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் எழுந்துவிட்டேன். "ஆட்சேபம் சொல்ல எங்களுக்கு நிலம் வேண்டும். ஆதரவு சொல்ல ஒரு மாலை போதுமா?" என்று மலாயில் கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "வேண்டாம் என்று சொல்ல வந்தால் நாங்கள் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தால் மட்டும் நாங்கள் சமூகமா?"

இளைஞர் அடுத்த படத்துக்குப் போகலாமா என்று கூட்டத் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தில் இருப்பவரே பேசட்டும் என்று அண்ணனைக் கைகாட்டினார். அண்ணி என் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அண்ணன் எழுந்தார். இந்த இடத்தில் தோட்டத்துப் பேச்சைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் எதையும் உள்ளதை உள்ளபடி கேட்டு வாங்க முடியாது. கூரையில் ஒரு தகரம் ஓட்டையானால், கூரையே பறந்துவிட்டது துரை என்று சொல்ல வேண்டும். பல்வலிக்கு லீவு வேண்டுமானால் படுத்த படுக்கை என்று சொல்ல வேண்டும். ஒரு தகரம்தான் ஓட்டை என்று அளந்து சொன்னவருக்கு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுதான் பதில் வரும். கணக்கெழுதும் கிராணிக்கும் இது தெரியும், துரைக்கும் தெரியும். நாங்கள் பத்து என்று சொன்னால் அவர்கள் ஒன்பதைக் கழித்துக்கொண்டு, மீதி ஒன்றைக் கொடுப்பார்கள். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, கேட்கிறவர் ஏமாறவும் இல்லை. எல்லோரும் அப்படித்தான் பேசிப் பிழைத்தோம். அண்ணன் அதில் கைதேர்ந்தவர். தகரம் வேண்டுமென்றால் லயமே அவரைத்தான் முன்னால் தள்ளும்.

அண்ணன் மலாயில், கையைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துக் குரலில் ஆரம்பித்தார். மழை பெய்தால் வீட்டுக்குள் ஆறு ஓடுகிறது துவான் என்றார். சுவரெல்லாம் ஊறிப்போய் எப்போது விழுமென்று தெரியவில்லை, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, பாம்பு வருகிறது, பூரான் வருகிறது என்றார். கடைசியாகக் குரல் உடைந்து, "இப்பவே அங்க மனுசன் குடியிருக்க முடியாது துவான். மாடுகூட இருக்காது. மலையையும் வெட்டினா நாங்க எங்க போவோம்?" என்று கேட்டார்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது அவருடைய வீடு. தண்ணீர் உள்ளே வருவது பெருமழைக்கு மட்டும்தான் என்பதும், துடைப்பத்தால் தள்ளிவிட்டு அதே அடுப்பில் தானே சோறு வைத்ததும் அவருக்குத் தெரியும். ஆனாலும் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மேசையைச் சுற்றி எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் என் அண்ணன் பேசியதை எழுதிக்கொள்வதை நான் பார்த்ததே இல்லை.

வெளியே வந்து மூவரும் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அண்ணன் வெற்றி பெற்ற ஆள் போலக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எழுதுனாங்கல்ல பாப்பா, பாத்தியா? கெழவன் கண்ணாடிய தொடச்சி தொடச்சி எழுதுனான்லா."

"எழுதுனாங்கண்ணே. இனி மாலைய மட்டும் கொஞ்சம் கட்டுப்படுத்துங்க."

"மரியாத பண்றதுல என்ன தப்பு? படம் எடுத்தவன் கிறுக்கன். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டி சொன்னார்.

முடிவு வரச் சில மாதங்கள் ஆயின. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்த அதிகாரி வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே முகம் சரியில்லை.

"டீச்சர், முடிவு வந்துருச்சி. நிபந்தனையோட அனுமதி கொடுத்துட்டாங்க."

"என்ன நிபந்தனை?"

"வடிகால் போடணும். மண்ணு கீழ வராம குளம் ஒண்ணு வெட்டணும். அப்புறம்..." மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "அப்புறம், கீழ இருக்கற லயத்துல யாரும் குடியிருக்கக் கூடாது. வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தோட்டம் அவங்கள வேற எடத்துக்கு மாத்தணும்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

"உங்கண்ணன் பேசனதத்தான் டீச்சர் ரொம்ப முக்கியமா எடுத்துக்கிட்டாங்க. இப்பவே அங்க மனுசன் குடியிருக்க முடியாதுன்னு அவரே சொன்னாரில்ல? அத அப்படியே போட்டிருக்காங்க. ஆபத்தான எடத்துல ஆள வச்சிக்கிட்டு அனுமதி கொடுக்க முடியாதில்ல?"

"மலைய வெட்டாதீங்கன்னு சொல்லத்தான் அவர் வந்தார்!"

"தெரியும் டீச்சர். நான் எழுதிக் கொடுத்தது வேற. மேல போயி வந்தது வேற."

கத்தினேன். பள்ளி வாசலில், வேன் டிரைவர்களும் பிள்ளைகளும் பார்க்க, மானம் போகக் கத்தினேன். மலை ஆபத்து என்றால் மலையை அல்லவா விட வேண்டும் என்று கேட்டேன். கம்பெனிக்காரர் காட்டியதும் சரி, அண்ணன் சொன்னதும் சரி, எல்லாம் சரி, வெளியே போக வேண்டியது மட்டும் நாங்களா என்று கேட்டேன். அவர் மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மறுநாள் வகுப்பில் அவளுக்கு என்னைக் கண்டால் பயம். அதற்காக வருத்தப்படுகிறேன். கத்தியதற்கு வருத்தப்படவில்லை.

எங்கே மாற்றுவார்கள் என்று கேட்டபோது, கம்போங் ராஜா பக்கம் வாடகை வீடு எடுத்துக் கொடுப்பார்கள் என்றார். எத்தனை காலத்துக்கு? தோட்டத்தில் வேலையில் இருக்கும் வரைக்கும். அதற்குப் பிறகு? அது நிபந்தனையில் இல்லை.

அன்றைக்கே தோட்டத்துக்குப் போனேன். வழியெல்லாம் தூறல். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அந்தப் படம் எடுத்தவனை, கம்பெனியை, மேசையைச் சுற்றி இருந்தவர்களை. குனிந்து எழுதிய அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடக் கழித்துக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்தே கழிக்காமல் விட்டார்களோ என்னவோ. அதை நினைத்தபோது, வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.

அண்ணன் பின்வாசலில் உட்கார்ந்து சாக்கடையில் அடைத்திருந்த இலைகளைக் கம்பியால் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"முடிவு வந்துருச்சா? நம்ம பேச்ச எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்கண்ணே. அப்படியே எடுத்துக்கிட்டாங்க."

"நான் சொல்லல?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அண்ணி கையில் கரண்டியோடு வந்து கேட்டார்.

"அப்ப மலைய விட்டுடுவாங்களா பாப்பா?"

நான் சொன்னேன். முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நிறுத்தினால் சொல்ல முடியாது என்று தோன்றியது. அண்ணி அடுப்பைப் பார்த்தார், டைல்ஸைப் பார்த்தார், கடைசியில் அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் கம்பியைக் கீழே போட்டார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மலைப்பக்கச் சுவரை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்.

"இங்க பாரு. கல்லு மாதிரி இருக்கு. எங்க ஊறியிருக்கு, சொல்லு? பாம்பெல்லாம் நான் பாத்ததே இல்லலா. தண்ணி எப்பயாச்சும் வரும், அவ தள்ளி வுட்டுருவா." மறுபடியும் தட்டினார். "நாளைக்கே போயி சொல்லு பாப்பா. எங்கண்ணன் சும்மா தோட்டத்துல கேக்கற மாதிரி கேட்டாருன்னு சொல்லு. மலைய வேணா வெட்டிக்கட்டும். வீட்டுக்கு ஒரு கொறயும் இல்ல, நாங்க நல்லாத்தான் இருக்கோம்னு சொல்லு."